பொன் கேட்ட காது

என் அக்காவின் காது கவரிங் நகையை ஏற்காது. திருச்சுழித் தேரோட்டத்தில் ஆத்தா வாங்கி மாட்டிவிட்ட ஜிமிக்கி, ஊர் திரும்பி ஒன்றிரண்டு நாளிலேயே காது மடலைப் புண்ணாக்கிவிடும். சிவந்து தடித்து நீர் வடியும். கழட்டும்போது ஜிமிக்கியோடு தோலும் உரிந்து வரும். ஆத்தா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவி, ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகுவாள். குச்சி ஒன்றும் செய்யாது. புண் ஆறிவிடும். அடுத்த தேரோட்டத்துக்கு மறுபடி ஆசை வரும், மறுபடி புண் வரும்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. "அந்தக் காது பொன் கேக்குது" என்பார்கள். சில பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ராசி என்று பேச்சு. மட்டமான உலோகம் பட்டால் அந்த உடம்பு கோபித்துக்கொள்ளுமாம். அவள் வாக்கப்பட்டுப் போகிற வீட்டில் பொன் சேருமாம். கூலிக்குப் பருத்தி எடுக்கிற வீட்டில் போய் இப்படி ஒரு காது பிறந்தது ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. காட்டில் வரிசையாக நிரை பிடித்துப் போகும்போது பொம்பளைகள் அக்காவைச் சீண்டுவார்கள்.

"ஏத்தா, ராணி காதுக்காரி, தள்ளி நில்லு. எங்க பித்தளை உம்மேல பட்டுறப் போகுது."

"படட்டும் சின்னம்மா. நாளைக்கு உங்க பித்தளையும் பொன்னாயிரும், அப்ப எனக்குப் பாதி குடுத்துருங்க" என்பாள் அக்கா. வாய்க்குக் குறைவில்லாதவள்.

எங்களைப் பெற்ற ஐயா, நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். ஆத்தாவும் அக்காவும் காட்டுக்குப் போனார்கள், நான் பள்ளிக்கூடம் போனேன். அவ்வளவுதான் அதில் கதை. அக்காவைப் பாலவனத்தத்தில் ஐயாவின் தங்கை மகனுக்கே கொடுத்தோம். சொந்த அத்தை வீடு. பெண் கேட்டு வந்த அன்றைக்கு அத்தை ஆத்தாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"மதினி, எங்கண்ணன் மகளுக்கு வேற சீர்வரிசை ஒன்னும் வேணாம். தோடு மட்டும் பொன்னுல போட்டுருங்க. இல்லேன்னா எங்க ஊருல வந்து காது அழுகி நின்னா, என்னயத்தான் சிரிப்பாக."

ஆத்தா எப்படியோ ஒரு ஜோடித் தோடு செய்து போட்டாள். மிளகு அளவுதான் இருக்கும். ஆனால் பொன். அக்காவின் காது அதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. அத்தை அதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். மருமகள் பொன் ராசிக்காரி என்று அவள் மனதார நம்பினாள். அத்தையைக் கெட்டவள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நாளில் அக்காவை அவள் தலையில் வைத்துக் கொண்டாடியதும் உண்மை.

அக்காவுக்குப் பெண் பிறந்து அது தவழ்ந்து நடக்கத் தொடங்கின வருசம் மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. கிணற்றின் அடியில் ஊற்றுக்கண் பக்கத்தில் மட்டும் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் கசியும். பெண்கள் கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் கால்வைத்து இறங்கி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வரவேண்டும். அக்கா ஏறும்போது வழுக்கி விழுந்தாள். தண்ணீர் இருந்திருந்தால் நனைந்ததோடு போயிருக்கும். கட்டாந்தரையில் இடது இடுப்பு அடித்தது.

முதலில் எலும்புக்குக் கட்டுப்போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். மூங்கில் பத்தை வைத்து, முட்டையின் வெள்ளைக்கரு தடவி இறுகக் கட்டினார். கை கால் முறிவென்றால் அவர் கட்டு நன்றாகவே கேட்கும்; இடுப்பு மூட்டுக்குள் உடைந்ததற்கு அது பத்தவில்லை. கட்டை அவிழ்த்தபோது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நிறுத்திப் பார்த்தால் நிற்கவில்லை. அப்புறம்தான் மதுரைக்கு பஸ் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை, பந்து மாதிரி இருப்பது, முறிந்து தனியாக இருந்தது. "இதுக்கு ரத்தம் போகாமச் செத்துப்போச்சு. இனிமே ஒட்டாது. எடுத்துட்டு இரும்புல ஒரு பந்து வைக்கணும். வழக்கமா வயசானவுகளுக்குத்தான் வைப்போம். இந்தப் பிள்ளைக்கு வேற வழி இல்ல" என்றார்.

"வச்சா நடப்பாளாய்யா?" என்று கேட்டாள் ஆத்தா.

"நடப்பா."

அதற்குமேல் நாங்கள் என்ன கேட்பது? அத்தை அக்காவின் காதிலிருந்து தோட்டைக் கழட்டித் துணியில் முடிந்துகொண்டாள். "ஆஸ்பத்திரியில களவு போயிரும்த்தா. பெட்டியில வச்சிருக்கேன். எங்க போகப்போகுது" என்றாள். காது தூர்ந்துவிடாமல் இருக்க ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்திலேயே ரெண்டு குச்சி ஒடித்துச் செருகிவிட்டாள்.

ஆபரேசன் அன்றைக்குக் காலையில் நர்ஸம்மா வந்து, "உடம்புல இருக்கிற நகையெல்லாம் கழட்டுங்க" என்றார். காதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன இது, வேப்பங்குச்சியா? ஒரு கவரிங் தோடாவது வாங்கிப் போடக்கூடாதா?"

"எனக்கு அது சேராதும்மா. எங்காது பொன்னு கேக்குற காது" என்றாள் அக்கா, வலியோடு படுத்துக்கொண்டே.

நர்ஸம்மா இன்னும் பலமாகச் சிரித்தார். பக்கத்துக் கட்டில் பொம்பளை சிரித்தாள். கையைத் துடைத்தபடி அங்கே வந்த டாக்டரும் என்ன ஏதென்று கேட்டுச் சிரித்தார். "பொன்னுல பந்து செஞ்சு வைக்க நம்மகிட்ட வசதி இல்லையேம்மா" என்றார். எல்லாருக்கும் நல்ல மனசு. பயந்து கிடக்கிற பிள்ளையைத் தேற்றுகிற சிரிப்புதான் அது. அந்த நாளில் அப்படி ஒன்றை யாரும் கேட்டு விசாரிக்கிற வழக்கமும் கிடையாது. என்ன சாப்பிட்டால் சேராது, எந்த மருந்து சேராது என்று கேட்டார்கள். கருவாடு தின்றால் அரிக்கும் என்று ஆத்தா சொன்னாள். காதைப் பற்றி அவள் ஏன் சொல்லப்போகிறாள்? அது நோயா என்ன? அது ராசி.

அக்கா நடந்தாள். முதலில் அக்குளில் கட்டையை அண்டக்கொடுத்து, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு கையை வீசிக்கொண்டு. லேசாக ஒரு சாய்வு இருந்தது, அவ்வளவுதான். பாலவனத்தத்தில் ஊரே வந்து பார்த்தது. "எங்க வீட்டு மருமக தொடையில எவர்சில்வரு இருக்காக்கும்" என்று அத்தை சொல்ல, தெருப்பிள்ளைகள் அக்கா நடக்கும்போது சத்தம் கேட்கிறதா என்று பின்னாலேயே காதைச் சாய்த்துக்கொண்டு வரும். அக்கா வேண்டுமென்றே நாக்கால் "டிங்" என்று சத்தம் கொடுப்பாள். சிரிப்பும் கூத்துமாக இருந்தது. தோடு மட்டும் பெட்டியிலேயே இருந்தது. நல்லது கெட்டதுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் அத்தை. அக்காவும் கேட்கவில்லை.

மிளகாய்ப் பழம் எடுக்கிற காலத்தில் அரிப்பு தொடங்கியது. முதலில் தையல் போட்ட தழும்பைச் சுற்றி. மிளகாய்க் கை பட்டுவிட்டது என்று நினைத்தாள். மிளகாய்க் காட்டுக்குப் போவதை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. தொடையிலிருந்து முழங்கை மடிப்புக்கு வந்தது, அங்கிருந்து முதுகுக்கும் கழுத்துக்கும் வந்தது. சிவப்புச் சிவப்பாகத் தடித்து, சொரிந்தால் நீர் வடிந்து, காய்ந்து பொருக்குத் தட்டியது. கரப்பான் என்றார்கள். கத்திரிக்காய், கருவாடு, கடலை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். குப்பைமேனியை அரைத்துப் பூசினார்கள். பூசின இடம் ஆறுகிற மாதிரி ஆறிப் பக்கத்து இடம் புண்ணாகும். தொடைக்குள்ளும் வலி எடுக்க ஆரம்பித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அத்தை வீட்டுக்கு வந்த ஒரு கிழவர் அக்காவின் முதுகைப் பார்த்துவிட்டு, அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாராம். பெருவியாதி. குஷ்டத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் அக்காவுக்குத் தனியாக ஒரு அலுமினியத் தட்டு வந்தது. தனிக் குவளை, தனிப் பாய். மாட்டுக் கொட்டத்தை ஒட்டின சாய்ப்பில் படுக்கை. அதையெல்லாம் அக்கா தாங்கியிருப்பாள். பிள்ளையைத் தூக்கக்கூடாது என்றதுதான் அவளைக் குத்திவிட்டது. பிள்ளை அழுதுகொண்டு சாய்ப்புப் பக்கம் ஓடினால் அத்தை வந்து இழுத்துக்கொண்டு போவாள். "அம்மாவத் தொட்டா உனக்கும் வந்துரும்" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளை தானாகவே தூரத்தில் நின்று பார்க்கப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு மச்சான் அக்காவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பிள்ளையை விடவில்லை.

நான் அப்போது அருப்புக்கோட்டை காலேஜில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவையும் ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு மதுரையில் தோல் டாக்டர் ஒருவரிடம் போனேன். பேச்சுக் குறைந்த மனிதர். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழி இறகையும் குண்டூசியையும் மாற்றி மாற்றித் தடிப்பின்மேல் வைத்தார்.

"இப்பத் தொட்டது என்ன?"

"இறகு."

"இப்ப?"

"ஊசி. ஐயோ, மெதுவாய்யா, கோணிச் சாக்கா நானு?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "பெருவியாதின்னா இந்த இடமெல்லாம் மரத்துப் போயிருக்கும்மா. உனக்கு ஊசி குத்துறதுக்கு முன்னாடியே கத்துற. இது அது இல்ல."

ஆத்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவர் தொடைத் தழும்பை வெகுநேரம் பார்த்தார். மேசையில் கிடந்த நாலணாக் காசு ஒன்றை எடுத்துச் சுத்தமாகத் துடைத்து, அக்காவின் முதுகில் புண் இல்லாத ஓர் இடத்தில் வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். குளிக்காமல் இருந்து ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா, "உண்டியலாக்கிட்டாருடா என்னைய" என்றாள்.

மறுபடி போனபோது பிளாஸ்திரியை உரித்தார். காசு இருந்த இடத்தில் காசு அளவுக்கே வட்டமாக, விளிம்பு தெரிய, சிவந்து பொடிப்பொடியாகக் கொப்பளித்திருந்தது. அந்தச் சிவப்பை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். காலேஜ் ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசலில் நிக்கல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மருந்தை விடுவோம். இருந்தால் ரோஜா நிறத்தில் திரிந்து வரும். அதே நிறம் அக்காவின் முதுகில் இருந்தது.

"இந்தக் காசு நிக்கல்" என்றார் டாக்டர். "தொடையில வச்ச இரும்புலயும் அது கலந்திருக்கு. துருப்பிடிக்காம இருக்கச் சேக்குறது. ஏம்மா, உனக்குக் கவரிங் தோடு போட்டா என்ன ஆகும்?"

அக்கா ஆத்தாவைப் பார்த்தாள். ஆத்தா அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். "அவுளுக்கு அது சேராதுங்கய்யா. அவ காது பொன்னு கேக்குற காது."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அது பொன்னு கேக்கல தாயி. மத்தது வேணாம்னு சொல்லியிருக்கு."

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. ஒருதடவை ஒருவனைத் திருடன் என்று அடையாளம் வைத்துக்கொண்டால், பிறகு அவனை எங்கே கண்டாலும் விடாது. அக்காவின் உடம்பு சின்ன வயசிலேயே காதில் அந்தத் திருடனைப் பார்த்துவிட்டது. இப்போது அவன் தொடைக்குள்ளேயே குடியிருக்கிறான். காதில் இருந்தால் கழட்டிப் போட்டுவிடலாம். உள்ளே இருப்பவனோடு ராத்திரி பகலாகச் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் எலும்பும் அரிபடுகிறது.

"நூத்துக்கு நூறு இதுதான்னு சொல்லமாட்டேன்" என்றார். "காதுல புண்ணு வர்ற எத்தனையோ பேருக்கு உள்ள இரும்பு வச்சா ஒன்னும் ஆகுறதில்ல. உங்க பிள்ளைக்கு ஆயிருக்கு போல. நான் படிச்சிருக்கேன், நேர்ல பாக்குறது இதான் முதல் தடவை."

எலும்பு டாக்டர் புது எக்ஸ்ரேயில் இரும்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். பந்து ஆட ஆரம்பித்துவிட்டதாம். எடுத்துவிடலாம், தோல் ஆறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் எடுத்த இடத்தில் வைக்க அவரிடம் வேறு இல்லை. இன்னொரு உலோகத்தில் செய்தது சீமையில் கிடைக்கும் என்கிறார்கள், இங்கே வராது. மூட்டே இல்லாமல் போகும். கால் குட்டையாகிவிடும். கம்பு ஊன்றாமல் இனி நடக்க முடியாது. எடுக்காமல் விட்டால் மருந்து பூசிக்கொண்டு, வலி பொறுக்கிறவரைக்கும் நடக்கலாம்.

"யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

நான் பாலவனத்தத்துக்குப் போனேன், பெருவியாதி இல்லை என்று சொல்ல. அத்தை வாசலில் புளி உருட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"இரும்புக்குப் போயி உடம்பு பூரா புண்ணு வருமாக்கும்? எத்தனை பேரு இரும்புக் காப்புப் போட்டுத் திரியிறான், அவனுக்கெல்லாம் வரலையே மருமகனே?"

"எல்லாருக்கும் வராது அத்தை. அக்கா உடம்பு அப்படி."

"சரிய்யா. நீ படிச்ச பிள்ளை, பொய் சொல்லமாட்ட. ஆனா ஊருக்கு நான் என்ன சொல்ல? அந்த இரும்பை எடுத்துட்டு, தோலு சுத்தமாகி வரட்டும். எடுத்த இரும்பையும் கொண்டாந்து காட்டு. நாலு பேரு பாக்கட்டும். அப்பறம் எவன் வாயைத் திறக்குறான்னு பாக்குறேன்."

பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கூப்பிட்டேன், வரவில்லை. பஸ் ஏற்றிவிட வந்த மச்சான் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். இரும்பை எடுத்தால் கால் பழையபடி வராது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். "மாப்ள, தோலா காலா, ரெண்டுல ஒன்னு சரியாயிட்டாப் போதும். எங்க ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் அன்றைக்கு அதை மனசாரத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

அக்காவிடம் இரண்டு பக்கமும் சொன்னேன். அவள் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"காலு இல்லாட்டி என்னய்யா. உக்காந்தா மடி இருக்கும்ல. இந்தத் தோலோட எந்திரிச்சு நடந்து நான் யாரைப் போய்த் தூக்க?"

ஆத்தா வேண்டாம் என்றாள். கால் போனால் காட்டு வேலை போய்விடும், வேலை போனால் எந்த வீட்டிலும் மதிப்பு இருக்காது என்று அழுதாள். அக்கா கேட்கவில்லை. மறுபடி ஆபரேசன் நடந்தது. எடுத்ததைத் துணியில் சுற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். எதற்கு என்று நர்ஸம்மா கேட்டபோது, "எங்க அத்தை பாக்கணுமாம்" என்றாள் அக்கா.

கால் பல வாரம் எடை கட்டித் தொங்கியது. தோல் மெல்ல மெல்ல வற்றியது. பொருக்கு உதிர்ந்தது. பழைய தோல் கருத்துக் கிடந்து பிறகு அந்தக் கருப்பும் போனது. ஒருநாள் ஆத்தா எண்ணெய் தேய்க்கும்போது, "ஏலே, வந்து பாருடா" என்று கூப்பிட்டாள். முதுகு முழுக்க வழவழவென்று இருந்தது. காசு ஒட்டின இடம்கூடத் தெரியவில்லை. டாக்டர் சொன்னது சரி. நான் சந்தோசப்பட்டேன். அக்கா கம்பை ஊன்றி எழுந்து நின்றபோது இடது கால் தரையைத் தொட அவள் நாலு விரல் அளவு சாய வேண்டியிருந்தது. அந்தச் சந்தோசம் என்னோடு நெடுநேரம் இருக்கவில்லை.

பாலவனத்தத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அக்கா புதுசாய்த் துவைத்த சேலை கட்டி, கைமுட்டு வரை தெரியும் ரவிக்கை போட்டிருந்தாள். தோல் தெரியட்டும் என்றுதான். அத்தை வாசலில் வைத்தே அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். சேலையை விலக்கி முதுகைப் பார்த்தாள். "சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். அவள் குரலிலும் நிம்மதி இருந்தது.

அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் மஞ்சப்பையிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். பளபளவென்று பந்தும் அதன் கீழே நீண்ட ஈட்டியும். முதலில் யாரும் தொடவில்லை.

"ஏலே, இது குழம்புக் கரண்டிலே" என்றான் ஒருத்தன்.

"உன் பொண்டாட்டிகிட்டக் குடு, உன் மண்டையிலயே ஊத்துவா."

"வெள்ளி மாதிரியில்ல மினுங்குது. இதுக்குள்ளயா நோயி இருந்துச்சு?"

"நோயி இதுக்குள்ள இல்ல சித்தப்பா. அக்கா உடம்புக்கு இது ஆகல" என்றேன்.

சிரிப்புக்கு நடுவில் அது கை மாறி மச்சானிடம் வந்தது. அவர் உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி ஏற்றி இறக்கினார். பந்தை விரலால் தடவினார். பிறகு அக்கா சாய்ந்து நின்ற கம்பைப் பார்த்தார்.

"இது அங்க இருந்துச்சு. சரி. இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு மாப்ள?"

"ஒன்னும் இல்ல மச்சான்."

"ஒன்னும் இல்லைன்னா?"

"மூட்டு கிடையாது. கம்போடதான் நடக்கணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"இனிமே எப்பவும்தான் மச்சான்." சிரிப்பு நின்றது. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரவர் வாசலுக்குப் போனார்கள். தோல் நோய் இல்லை என்று காட்ட நான் கொண்டுபோன சாட்சி, கால் இல்லை என்பதற்கும் சாட்சியாகிவிட்டது. அத்தை கேட்டாள், யாரிடம் என்று இல்லாமல்.

"அப்ப தண்ணி யாரு எடுக்க? மாட்டை யாரு பாக்க?"

மச்சான் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னவர். இரும்பைச் சுவரோரம் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "பாப்பா, வாத்தா" என்று கையை நீட்டினாள். பிள்ளை அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்றது.

"அப்பத்தா, தொடலாமா?"

"தொடு. இப்ப ஒன்னும் செய்யாது."

பிள்ளை வந்து ஒரு விரலால் அக்காவின் முழங்கையைத் தொட்டது. தொட்டுவிட்டு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. அக்கா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் புதிதாகக் காது குத்தியிருந்தார்கள். ரெண்டு மடலும் சிவந்து வீங்கி, ஓட்டையில் மஞ்சள் அப்பி, வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"காது என்னத்தா ஆச்சு?"

"கம்மல் போட்டாங்க. அரிச்சுச்சு. அப்பத்தா களட்டிருச்சு" என்றது பிள்ளை.

அத்தைக்கு அந்த நிலையிலும் முகம் மலர்ந்தது. "அவுளுக்கும் பொன்னு கேக்குற காதுதான்."

சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. துணி முடிச்சோடு வந்து, அவிழ்த்து, அக்காவின் உள்ளங்கையில் அந்த ரெண்டு தோட்டையும் வைத்தாள்.

"உன் பொருளு. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

ஆத்தா "ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். பெண் கொண்டுவந்த நகையைத் திருப்பிக் கையில் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச்சு இல்லை. புருசன் வீட்டு உறவு தீர்ந்தது என்று அர்த்தம். சொந்தத்துக்குள் நடந்ததால் ஊர்க்கூட்டம் போடவில்லை, அவ்வளவுதான் மரியாதை. நான் எழுந்து அத்தையோடு சண்டைக்குப் போனேன். என்னென்னவோ பேசினேன். காவல், திருடன், நிக்கல், எல்லாம். அத்தை என்னைத் தடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

"உக்காருய்யா" என்றாள் அக்கா.

அவள் தோட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு அத்தையைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அத்தை, இதைப் பாப்பாவுக்குப் போடுங்க. புண்ணு ஆறினதும் போடுங்க. ஆனா ராசின்னு சொல்லி அவளை வளக்காதீக. அவளுக்கு மட்டமானது எதுவும் ஆகாதுன்னு சொல்லி வளத்துவிடுங்க. காதுல மட்டுமில்ல, உள்ள, வெளிய, எங்கயும். நாளைக்கு அவளுக்கு எதாச்சும் ஆஸ்பத்திரின்னு வந்தா, மொதல்ல காதைப் பத்திச் சொல்லுங்க. நம்ம சிரிச்சமே, அப்படிச் சிரிக்காம, சொல்லுங்க."

அத்தை வாங்கிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

சாப்பிடாமல் கிளம்பினோம். பஸ் வந்தபோது அக்காவால் முதல் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நான் கீழேயிருந்து தூக்க, ஆத்தா மேலேயிருந்து இழுக்க, கண்டக்டர், "ஏறும்மா ஏறும்மா, காரியாபட்டியில வேற நிக்கணும்" என்று அவசரப்படுத்தினார். அவள் உட்கார்ந்த பிறகு பார்த்தால் மச்சான் ஓடி வருகிறார். அக்காவைக் கூப்பிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கையில் துணிப் பொட்டலம் இருந்தது.

"மாப்ள, இதை விட்டுட்டு வந்துட்டீக. வீட்டுல வைக்க வேணாம்னு எங்க ஆத்தா சொல்லுது."

நான் வாங்கி மஞ்சப்பையில் போட்டேன். பஸ் நகரும்போது அக்கா அவரிடம் இது மட்டும் கேட்டாள்.

"சொன்னதை அத்தை மனசுல வச்சிருக்காகளா?"

"வச்சிருக்காக, வச்சிருக்காக" என்றார் மச்சான், பஸ்ஸோடு ரெண்டு எட்டு நடந்துகொண்டே.

அது உண்மையா, பஸ்ஸை அனுப்புவதற்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா கம்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, காதிலிருந்த வேப்பங்குச்சியை உருவி, கிழக்கே பார்த்த சன்னல் வழியாக எறிந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் செருகவில்லை. அந்த ஓட்டைகள் இப்போது தூர்ந்துவிட்டன.